மணிக்கட்டுப் பருமன் கட்டைக்கு எந்த மடக்கு ரம்பம்?

கேம்பிங் போக ஆரம்பிக்கிறவர்கள் டென்ட், தூக்கப் பை, அடுப்பு என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டுக் கடைசியாகக் கேட்பது, விறகு வெட்ட எதை எடுத்துப்போவது என்றுதான். கேட்கும்போதே மனதில் கோடாலி இருக்கும். என்னைக் கேட்டால், புதிதாகப் போகிறவர் கையில் இருக்க வேண்டியது மடக்கு ரம்பம். பிளேடு கைப்பிடிக்குள் மடங்கிவிடும், பையின் பக்க அறையில் செருகிக்கொள்ளலாம், எடை 200 கிராமுக்குப் பக்கத்தில்தான். கோடாலி ஓங்கி வெட்டும் கருவி. இருட்டும் நேரத்தில், களைத்த கையோடு, ஈரத் தரையில் நின்று ஓங்கும்போது குறி தப்பினால் அது போய் நிற்கும் இடம் முழங்காலுக்குக் கீழே. மருத்துவமனைக்குப் படகில் அரை நாள் துடுப்புப் போட வேண்டிய இடத்தில் அந்த ஆபத்து எதற்கு?

சரி, மடக்கு ரம்பம் என்று முடிவாகிவிட்டது. கடைக்குப் போனால் 12 செ.மீ. பிளேடிலிருந்து 65 செ.மீ. பிளேடு வரை மடக்கு ரம்பங்கள் தொங்குகின்றன. பெரும் பல், நடுத்தரப் பல், நேர் பிளேடு, வளைந்த பிளேடு என்று அதற்குள்ளும் பல வகை. இதில் குழம்பிப்போகாமல் இருக்க ஒரே வழி, ரம்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் கட்டையைப் பற்றி யோசிப்பது. எந்த இடத்தில், எவ்வளவு பருமனான கட்டையை, எதற்காக எரிக்கப்போகிறீர்கள் என்பது தெளிவானால் ரம்பம் பெரும்பாலும் தானாக முடிவாகிவிடும்.

ஒரு இடத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்கோன்குவின் பூங்கா இருக்கிறது. 1893ல் தொடங்கப்பட்டது, பரப்பு சுமார் 7,600 சதுர கிலோமீட்டர், ஏரிகளும் காடுமாக விரிந்து கிடக்கும். டொரொன்டோவிலிருந்து சில மணி நேர ஓட்டம் என்பதால் அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் கோடையில் போகும் இடம். அங்கே கேம்பிங் இரண்டு வகை. நெடுஞ்சாலையை ஒட்டிய முகாம்களில் காரை டென்ட் பக்கத்திலேயே நிறுத்தலாம். அங்கே விறகை விலைக்கு வாங்கிக்கொள்வதுதான் வழக்கம், அதுவும் பிளந்தே வரும், ரம்பத்துக்குப் பெரிய வேலை இல்லை. இன்னொரு வகை, கனூ படகில் ஏரி ஏரியாகக் கடந்து உள்ளே போய்த் தங்குவது. ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே படகையும் மூட்டையையும் தோளில் சுமந்து நடக்க வேண்டும். உள்ளே விறகு விற்க ஆள் கிடையாது. தரையில் விழுந்து கிடக்கும் பட்ட மரத்தை எடுத்துக்கொள்ளலாம், உயிருள்ள மரத்தைத் தொடக்கூடாது.

வீட்டிலிருந்தே விறகைக் கட்டிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றலாம். அதைச் செய்யவே கூடாது. ஆசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று, ஆஷ் மரங்களின் பட்டைக்கு அடியில் புழுவாக இருந்து மரத்தையே கொன்றுவிடும். அது வட அமெரிக்காவில் இருப்பது 2002ல் டெட்ராய்ட், வின்ட்சர் பகுதிகளில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துப்போயின. அந்த வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் கொஞ்சம்தான். காரின் பின்பெட்டியில் விறகோடு விறகாக ஏறிக்கொண்டால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். அதனால்தான் விறகை எங்கே எரிக்கிறோமோ அங்கேயே வாங்கவோ எடுக்கவோ வேண்டும் என்று சொல்கிறார்கள். எங்கோ தூரத்துக் காட்டில் நிற்கும் மரங்களின் உயிர் இதில் இருக்கிறது. எனவே இந்த விஷயத்தில் சலுகை காட்டாதீர்கள்.

ஆக, உள்காட்டில் கிடப்பதைத்தான் வெட்டப்போகிறோம். எவ்வளவு பருமன்? காட்டில் தடம் விடாமல் பழகச் சொல்லித்தரும் லீவ் நோ ட்ரேஸ் அமைப்பு சொல்லும் அளவு எளிமையானது: பெரியவர் ஒருவரின் மணிக்கட்டைவிடப் பருமனான கட்டை வேண்டாம். கையால் ஒடிக்க முடிகிற விறகே போதும், ரம்பமே தேவையில்லை என்பது வரைக்கும் அவர்கள் போவார்கள். காய்ந்த கோடை நாளில் அது உண்மைதான். இரண்டு நாள் மழை பெய்த பிறகு நிலைமை வேறு. சுள்ளியெல்லாம் ஊறிப்போயிருக்கும். நிலத்தைத் தொடாமல் வேறொரு மரத்தின் மேலோ பாறையின் மேலோ சாய்ந்து கிடக்கும் மணிக்கட்டுப் பருமன் கிளையில்தான் உள்ளே காய்ந்த மரம் இருக்கும். அதைக் கையால் ஒடிக்க முடியாது. முழங்காலில் வைத்து ஒடிக்கப் பார்த்தால் ஒடிவது முழங்காலாகத்தான் இருக்கும். ரம்பத்தை அந்த நாளுக்காகத்தான் சுமக்கிறோம்.

பருமனை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. வட்டத்தின் பரப்பு, விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 5 செ.மீ. கட்டையை அறுப்பதைவிட 10 செ.மீ. கட்டையை அறுக்க இரண்டு மடங்கு உழைப்பு போதும் என்றுதான் கண்ணுக்குத் தோன்றும். உண்மையில் நான்கு மடங்கு. 15 செ.மீ. கட்டைக்கு ஒன்பது மடங்கு. அத்தனை பாடுபட்டு அறுத்த உருளையை அப்படியே போட்டால் தீப்பிடிக்காது, பிளக்க வேண்டும். பிளந்து போட்டாலும் படுக்கப் போகும் நேரத்துக்கு எரிந்து முடியாது. மறுநாள் காலையில் கரிந்த பாதிக் கட்டைகள் அடுப்புக் குழியில் கிடக்கும், அடுத்து வருகிறவர் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். சோறு பொங்கவும் குளிர் காயவும் 4 முதல் 8 செ.மீ. கட்டை போதும். சாம்பலாகும் வரை எரியும், அணைப்பதும் சுலபம்.

பிளேடு நீளம்

இனி ரம்பத்துக்கு வரலாம். பிளேடின் நீளம், வெட்டப்போகும் கட்டையின் பருமனைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ரம்பத்தின் ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. பல் சீவும் மரத்தூள் அந்தப் பள்ளத்தில் சேரும். பல் கட்டைக்கு வெளியே வந்தால்தான் தூள் கீழே விழும், பள்ளம் காலியாகும். இப்போது 19 செ.மீ. பிளேடால் 10 செ.மீ. கட்டையை அறுக்கிறீர்கள் என்று வையுங்கள். பிளேடின் 10 செ.மீ. எப்போதும் மரத்துக்குள் இருக்கும், எனவே முன்னும் பின்னும் போக மிஞ்சுவது 9 செ.மீ. அதே பிளேடை 15 செ.மீ. கட்டையில் வைத்தால் மிஞ்சுவது வெறும் 4 செ.மீ. நடுவில் இருக்கும் பற்கள் வெளியே வரவே முடியாது. பள்ளம் தூளால் அடைத்துக்கொள்ளும், ரம்பம் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும், கை ஓய்ந்துபோகும். "இந்த ரம்பம் சரியில்லை" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான். ரம்பம் நன்றாகவே இருக்கும், கட்டைதான் அதற்குப் பெரிது.

மணிக்கட்டுப் பருமன் கட்டைக்கு 17 செ.மீ.யிலிருந்து 24 செ.மீ. வரை உள்ள பிளேடு சரி. முதல் ரம்பத்தை இந்த அளவில் வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். 12, 13 செ.மீ. பிளேடுகள் கச்சிதமாக இருக்கும், சட்டைப் பையில்கூட வைக்கலாம். ஆனால் மணிக்கட்டுப் பருமன் கட்டைக்குப் போனால் இழுப்பு நீளம் போதாது. 36 செ.மீ. பிளேடு அருமையாக அறுக்கும். ஆனால் மடக்கினாலும் கிட்டத்தட்ட 40 செ.மீ. நீளம், எடையும் இரண்டு மடங்கைத் தாண்டும். குளிர்காலத்தில் டென்டுக்குள் விறகடுப்பு வைத்து இரவு முழுக்க எரிக்கிறவர்களுக்கு அது நியாயம். மற்றவர்களுக்கு அது சுமைதான்.

பல்லைப் பார்த்து வாங்குங்கள்

நீளத்துக்கு அடுத்தது பல். எனக்கு நீளத்தைவிட இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஆனால் வாங்குகிறவர்கள் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

மரம் என்பது வைக்கோலை நீளவாக்கில் இறுக்கிக் கட்டிய கட்டு மாதிரி, நார் நாராக ஓடும் பொருள். நாரின் போக்கிலேயே அறுப்பது ஒரு வேலை, குறுக்கே அறுப்பது வேறு வேலை. பலகை அறுக்கும் ரம்பத்தின் பல் உளி போல இருக்கும், நாரின் போக்கில் செதுக்கிக்கொண்டு போகும். விறகு அறுக்கும்போது நாம் எப்போதும் நாருக்குக் குறுக்கே போகிறோம். அதற்கு ஒவ்வொரு பல்லும் சின்னக் கத்தி முனை மாதிரி கூராக, இரு பக்கமும் தீட்டப்பட்டு இருக்க வேண்டும். முதலில் நாரை அறுத்துவிட்டுப் பிறகு தூளை வாரிக்கொண்டு வர வேண்டும். கேம்பிங்குக்கும் தோட்ட வேலைக்கும் விற்கும் மடக்கு ரம்பங்கள் எல்லாமே குறுக்கு வெட்டுப் பல் உள்ளவைதான். தச்சு வேலைக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கும் என்று விற்கும் மடக்கு ரம்பங்களும் பார்க்க அப்படியே இருக்கும், பல் மட்டும் மிகப் பொடியாக இருக்கும். அவற்றை எடுத்துவிடாதீர்கள்.

பல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பெரிய பல் என்றால் பள்ளமும் பெரிது, நிறையத் தூள் பிடிக்கும், ஒவ்வொரு இழுப்பிலும் ஆழமாகப் போகும். பச்சை மரத்துக்கும் பைன் போன்ற மென்மையான மரத்துக்கும் அது பொருத்தம். காய்ந்து இறுகிய கடின மரத்தில் பெரிய பல் கடித்துக் கடித்து நிற்கும். அங்கே சற்றுச் சிறிய பல் சீராகப் போகும். மெல்லிய சுள்ளியில் பெரிய பல்லை வைத்தால் இன்னொரு தொல்லை. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பல்தான் மரத்தில் படும், சுள்ளி பல் இடுக்கில் மாட்டித் துள்ளும். நாம் எரிக்கப்போவது பட்ட மரம், அதுவும் பெரும்பாலும் 8 செ.மீ.க்குள். எனவே நடுத்தரப் பல்லையோ அதற்கு ஒரு படி பெரிய பல்லையோ எடுங்கள். மிகப் பெரிய பல் வேண்டாம்.

எண்ணிக்கையைப் பார்த்து ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பிய, அமெரிக்க ரம்பங்களில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை பல் என்று போட்டிருக்கும். ஜப்பானிய ரம்பங்களில் 30 மி.மீ.க்கு எத்தனை என்று போட்டிருக்கும். அங்குலத்துக்கு 7 பல் என்பதும் 30 மி.மீ.க்கு 8 பல் என்பதும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இது தெரியாமல் எட்டு ஏழைவிடப் பொடிப் பல் என்று நினைத்துவிடக் கூடாது.

பல்லின் நுனி கருநீலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். நல்ல மடக்கு ரம்பங்களில் பல்லை மட்டும் மின்தூண்டலால் ஒரு நொடிக்குள் சூடாக்கி இறுகச் செய்கிறார்கள். நுனி மிகக் கடினமாகிவிடும், பிளேடின் உடல் வளைந்து கொடுக்கும் தன்மையோடு இருக்கும். நுனியில் தெரியும் அந்த நீலம் சூட்டின் அடையாளம். இப்படிச் செய்த பல் நெடுநாள் கூராக இருக்கும். ஆனால் மழுங்கிய பிறகு அரத்தால் தீட்ட முடியாது, அரத்தைவிடப் பல் கடினம். அதனால் பிளேடு மட்டும் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

இழுக்கும்போது வெட்டுவது

தச்சுப் பட்டறைகளில் நாம் பார்க்கும் அகலமான கைரம்பம் பெரும்பாலும் தள்ளும்போது வெட்டும். தள்ளுகிற அழுத்தத்துக்கு மடங்கிவிடாமல் இருக்க அதன் தகடு தடிமனாக இருக்க வேண்டும். ஜப்பானிய முறையில் செய்த ரம்பம் இழுக்கும்போது வெட்டும். இழுவிசையில் தகடு தானாகவே நேராகிக்கொள்ளும், எனவே மெல்லிய தகடே போதும். தகடு மெலிந்தால் வெட்டும் பிளவும் குறுகும், தூளாக்க வேண்டிய மரமும் குறையும், கைக்கு வேலை மிச்சம். இன்றைய மடக்கு ரம்பங்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் வருகின்றன. சில இரண்டு பக்கமும் வெட்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. மெல்லிய தகட்டைத் தள்ளும்போது அழுத்தினால் வளையும், சில சமயம் முறியும். பழக்கப்பட வேண்டியது ஒன்றே ஒன்று: இழுக்கும்போது லேசாக அழுத்துங்கள், திரும்பப் போகும்போது கையைத் தளர்த்திச் சும்மா விடுங்கள். மரத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள், பல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

வளைந்த பிளேடா, நேர் பிளேடா என்பதும் இங்கேயே சொல்லிவிடலாம். வளைந்தது இழுக்க இழுக்கத் தானாக மரத்துக்குள் இறங்கும். தலைக்கு மேல் இருக்கும் கிளையைக் கவாத்து செய்கிறவர்களுக்கு அது வரம். முழங்கால் உயரத்தில் கட்டையை மிதித்துக்கொண்டு அறுக்கும் நமக்கு நேர் பிளேடு கட்டுப்பாடாக இருக்கும், முழு நீளத்தையும் சமமாகப் பயன்படுத்த முடியும்.

பூட்டு

கடையில் ரம்பத்தைக் கையில் வாங்கியதும் விரித்துப் பூட்டி, பிளேடைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆடக்கூடாது. வெட்டிக்கொண்டிருக்கும்போது பிளேடு மடங்கினால் அது வந்து இறங்கும் இடம் உங்கள் விரல். மடக்கிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும் ரம்பம் இன்னும் நல்லது, பையில் கிடக்கும்போது தானாகத் திறந்து டென்ட் துணியைக் கிழிக்காது. இறக்கைத் திருகு ஒன்றை முறுக்கி இறுக்கும் மலிவு ரம்பங்களும் உண்டு. அறுக்கும் அதிர்வில் அந்தத் திருகு தளர்ந்துகொண்டே வரும். நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பிடியில் ரப்பர் இருக்கட்டும், மழையில் வழுக்காது. கையுறை போட்ட கையால் பூட்டைத் திறக்க முடிகிறதா என்பதையும் கடையிலேயே பாருங்கள்.

பேர் சொல்லிக் கேட்டால்

ஸ்வீடனில் தொடங்கிய பாஹ்கோ நிறுவனத்தின் லாப்லாண்டர், காடு சுற்றுகிறவர்கள் கையில் அதிகம் பார்க்கும் ரம்பம். பச்சைக் கைப்பிடி, 19 செ.மீ. நேர் பிளேடு, அங்குலத்துக்கு 7 பல், துருப்பிடிக்காமல் இருக்கப் பிளேடின் மேல் கறுப்புப் பூச்சு. திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பூட்டும். பிளேடு சற்றுத் தடிமன், அதனால் புதியவர்களின் முரட்டுக் கையைத் தாங்கும். இழுப்பு, தள்ளல் இரண்டிலும் வெட்டும். விலையும் நியாயம். முதல் ரம்பம் எது என்று ஒரே ஒரு பெயர் கேட்டால் நான் சொல்வது இதைத்தான்.

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் ஓனோ என்ற ஊரில் செய்யப்படும் சில்கி ரம்பங்கள் வேறு தரம். அந்த நிறுவனம் 1919லிருந்து இருக்கிறது. 17 செ.மீ. பாக்கெட்பாய், 24 செ.மீ. கோம்பாய் இரண்டும் கேம்பிங்குக்குத் தோது. லாப்லாண்டரும் கோம்பாயும் அடுத்தடுத்து ஒரே கட்டையில் போட்டால் வித்தியாசம் கையிலேயே தெரியும், கோம்பாய் அவ்வளவு சுளுவாக இறங்கும். பிளேடை இரண்டு கோணங்களில் பூட்டலாம், தரையோடு ஒட்டிக் கிடக்கும் கட்டையை அறுக்கும்போது இரண்டாவது கோணம் உதவும், விரல் மண்ணில் உரசாது. ஆனால் விலை கூடுதல், தள்ளும்போது அழுத்துகிற பழக்கம் உள்ளவர் கையில் பிளேடு சீக்கிரம் முறியும். ஒரு ரம்பத்தை நன்றாகப் பழகிய பிறகு இதற்கு வாருங்கள். இதே நிறுவனத்தின் 36 செ.மீ. பிக்பாய், 50 செ.மீ.க்கு மேல் போகும் கத்தானாபாய் எல்லாம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். பாதை சீர்செய்கிறவர்களுக்கு அவை தேவை. டீ போட அவை தேவையில்லை.

பிரான்ஸின் ஓபினெல் 12 செ.மீ. மரக்கைப்பிடி ரம்பம் அழகான பொருள். தனியாக நடைபயணம் போய்ச் சுள்ளி மட்டும் எரிக்கிறவருக்குப் போதும்.

நான்கைந்து பேராகக் கனூவில் போய் ஒரே இடத்தில் பல நாள் தங்குகிறீர்கள், மழைக்காலம் என்றால் பிளேடைச் சுற்றிச் சட்டம் (ஃபிரேம்) வைத்த மடக்கு ரம்பத்தையும் யோசிக்கலாம். கனடாவின் அகவா கேன்யன் நிறுவனம் செய்யும் போரியல்21 அந்த வகை. 21 அங்குலம், அதாவது 53 செ.மீ. பிளேடு, எடை அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். சட்டமே பிளேடை இழுத்துப் பிடித்திருப்பதால் இரண்டு பக்கமும் முழு வேகத்தில் அறுக்கலாம். இதற்குப் பிளேடு வாங்கும்போது காய்ந்த மரத்துக்கு ஒன்று, பச்சை மரத்துக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கிடைக்கும். பச்சை மரப் பிளேடில் வெட்டும் பற்களுக்கு நடுநடுவே தூளை வாரிவரத் தனிப் பல் இருக்கும். நமக்கு வேண்டியது காய்ந்த மரப் பிளேடு.

இரண்டு வளையத்தில் கம்பியைக் கட்டி விற்கும் கம்பி ரம்பத்தைப் பற்றி ஒரு வரி: வாங்காதீர்கள்.

அறுக்கும்போது

நல்ல ரம்பம் வாங்கியும் பாதி வெட்டில் சிக்கிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காரணம் கட்டையைத் தாங்கிய விதம். கட்டையின் இரண்டு முனைகளும் கல்லின் மேல் இருக்க, நடுவில் மேலிருந்து அறுத்தால், கட்டை தன் எடையில் நடுவில் தொய்யும். மேல் பக்கம் நெருங்கி வந்து பிளேடைக் கவ்விக்கொள்ளும். அப்போது முறுக்கி இழுத்தால் பிளேடு போய்விடும். இதைத் தவிர்க்கக் கட்டையை ஒரு பாறைமேலோ வேறு கட்டைமேலோ கிடத்தி, அறுக்க வேண்டிய பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். மேலிருந்து அறுக்க அறுக்க நீட்டிய பகுதி கீழே சாய்ந்து வெட்டு தானாக விரியும். முடியும் நேரத்தில் மெதுவாகப் போங்கள், இல்லையென்றால் கடைசி நார் பிய்ந்து பட்டையோடு கிழியும்.

தொடங்கும் முதல் சில இழுப்புகளில்தான் விரல் வெட்டுப்படும். ரம்பம் இன்னும் தடம் பிடித்திருக்காது, துள்ளிப் பக்கத்தில் இருக்கும் கையில் விழும். எனவே கட்டையைப் பிடிக்கும் கைக்குக் கட்டாயம் தடித்த கையுறை போடுங்கள், அந்தக் கை வெட்டும் இடத்திலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். கைப்பிடிக்குப் பக்கத்துப் பல்லால் இரண்டு மூன்று குட்டி இழுப்பு, தடம் விழுந்ததும் முழு நீள இழுப்பு. குட்டிக் குட்டியாகவே அறுத்துக்கொண்டிருந்தால் பிளேடின் நடுப்பகுதி மட்டும் மழுங்கும்.

துண்டு 30, 35 செ.மீ. நீளம் போதும். முனை தட்டையாக அறுத்திருந்தால் செங்குத்தாக நிறுத்தித் தடித்த கத்தியை மேலே வைத்து, இன்னொரு கட்டையால் தட்டிப் பிளக்கலாம். மழை நாளில் உள்ளே இருக்கும் காய்ந்த மரத்தை எடுக்க இதுதான் வழி. ஒடித்த கட்டை நிற்காது, அறுத்த கட்டை நிற்கும்.

எந்தக் கட்டையை எடுப்பது? தூக்கிப் பாருங்கள். அளவுக்கு மீறிக் கனத்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது சொத்தென்று சத்தமிடும். மண்ணில் புதைந்து கிடப்பது பெரும்பாலும் மக்கிப்போனது, அதைப் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் விட்டுவிடுங்கள். டென்ட் போட்ட இடத்தைச் சுற்றியே பொறுக்காமல் கொஞ்ச தூரம் நடந்துபோய், அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுங்கள். எல்லோரும் முகாமைச் சுற்றியே எடுத்தால் அந்த இடம் மொட்டையாகிவிடும்.

தமிழ்நாட்டில் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு

இங்கே சட்டம் வேறு. காப்புக் காடுகளில் அனுமதியில்லாமல் தீ மூட்டுவதும் விறகு எடுப்பதும் மரம் வெட்டுவதும் குற்றம். 1882ஆம் ஆண்டு வனச் சட்டமே இதைச் சொல்கிறது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேற்றம் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல்மலையில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எனவே வனத்துறைப் பகுதிகளுக்கு ரம்பத்தையும் தீப்பெட்டியையும் கொண்டுபோகவே கூடாது, எரிவாயு அடுப்புக்கும் முன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடைக்கானல், ஏற்காடு பக்கம் தனியார் தோட்டங்களில் கூடாரம் போட்டுத் தங்குவது வேறு விஷயம். உரிமையாளர் சம்மதித்தால், தீ மூட்ட அவர் காட்டும் இடத்தில் கவாத்து செய்து போட்ட கிளைகளை அறுத்து எரிக்கலாம். சமவெளியில் கிடைக்கும் விறகில் சவுக்கும் ஒன்று. காய்ந்த சவுக்கு நல்ல கனமும் இறுக்கமும் உள்ள மரம், பைன் மாதிரி இறங்காது. அதற்கு நடுத்தரப் பல்தான் பொருந்தும், பெரும் பல் வேண்டாம். பொறுமையாக, நீள நீளமாக இழுங்கள்.

பராமரிப்பு

பெரிய வேலை இல்லை. பைன் மரம் அறுத்தால் பிளேடில் பிசின் ஒட்டும். கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும், பல்லின் போக்கிலேயே துடைக்க வேண்டும். ஈரத்தோடு மடக்கி வைக்காதீர்கள். பெரும்பாலான பிளேடுகள் உயர் கார்பன் எஃகு, பூச்சு தேய்ந்த இடத்தில் ஒரே இரவில் துரு வரும். வீட்டுக்கு வந்ததும் காயவைத்து, அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய், அச்சுத் திருகு தளர்ந்திருந்தால் ஒரு முறுக்கு. மண் ஒட்டிய கட்டையை அறுப்பதற்கு முன் மண்ணைத் தட்டிவிடுங்கள், பல்லை மழுங்கச் செய்வதில் மரத்தைவிட மணலுக்கே பங்கு அதிகம். விமானத்தில் போகிறவர்கள் ரம்பத்தைக் கையோடு எடுத்துப்போகும் பையில் வைக்க முடியாது, பெரிய பெட்டிக்குள் மடக்கிப் பூட்டி, துணி சுற்றி வையுங்கள்.